தோட்டத்திலிருந்து கடற்கரைக்கு: கோல சிலாங்கூரும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் நடமாட்ட வரலாறும்

முன்னுரை

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் கோல சிலாங்கூர். கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இவ்வூர், கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு இன்று அறிமுகமான ஓய்விடங்களுள் ஒன்றாகும். மெலாவத்திக் குன்றின் குரங்குகள், சதுப்புநிலக் காட்டின் பறவைகள், கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையின் மின்மினிகள் ஆகியவற்றைக் காண வார இறுதிகளில் குடும்பங்கள் வருகின்றன. கிள்ளான், ஷா ஆலம், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களும், பேருந்துகளில் அழைத்து வரப்பெறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் இவர்களுள் அடங்குவர்.

இக்காட்சி மிக இயல்பானது. எனினும், இது இயல்பானதாக ஆவதற்கு நெடுங்காலம் பிடித்தது. மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றைப் பேசுவோரிடையே ஒரு கருத்து வழங்கி வருகிறது. தோட்டத் தமிழர் கோயில் திருவிழாவுக்கன்றி வேறெதற்கும் வெளியே செல்லும் நாட்டம் அற்றவர், சுற்றுலா என்பது அவர்தம் பண்பாட்டில் இல்லாதது, நகரவாழ்வே அதனைக் கற்பித்தது என்பதே அக்கருத்து. இக்கட்டுரை அதனை மறுக்க முற்படுகிறது. தோட்ட மக்கள் கடற்கரைக்குச் செல்லாமைக்குக் காரணம் நாட்டமின்மை அன்று; நடமாட்டத்தைத் தோட்ட நிர்வாகத்தின் இசைவுக்கு உட்படுத்திய ஓர் அமைப்பே காரணம் என்பது நம் துணிபு. இதனைக் கோல சிலாங்கூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு நோக்குவோம்.

கடலாட்டு: தமிழ் மரபில் கடற்கரை

கடற்கரையை இன்பப் பொழுதுக்குரிய இடமாகக் காணும் நோக்கு தமிழர்க்குப் புதிதன்று. ஐந்திணைப் பகுப்பில் நெய்தல் இரங்கலுக்குரிய நிலம். ஆயினும் அதே நிலம் விளையாட்டுக்கும் உரியதாக இலக்கியங்களில் இடம்பெற்றுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடலாடிப் பின் நன்னீரில் குளித்ததையும், நண்டுகளை அலைக்கழித்து விளையாடியதையும், அலைகளில் திளைத்ததையும் பட்டினப்பாலை காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் கடற்கரை சென்ற நிகழ்ச்சிக்கெனக் கடலாடு காதை என்னும் பகுதியே அமைந்துள்ளது. மாசிமகத்தன்று கடலாடும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. ஆகவே, கடலை நாடிச் சென்று பொழுது கழிப்பதை மேலைநாட்டு இறக்குமதி என்று கொள்வதற்கில்லை.

இம்மரபை உடைய மக்கள் மலாயாவுக்கு வந்தபொழுது கடலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே அடுத்துக் கருதத்தக்கது. அவர்களுக்குக் கடல் முதலில் வருகையின் வழியாக அமைந்தது. பினாங்கும், 1901இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகமும் அவ்வருகையின் வாயில்கள். 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கப்பெறும் பின்னைய துறைமுகம், சதுப்புநிலத்தை வெட்டித் திருத்தி அமைக்கப்பெற்றது. திறந்த சிறிது காலத்திலேயே அங்கு மலேரியா பரவியது. மருத்துவர் மால்கம் வாட்சன் மேற்பார்வையில் வடிகால்கள் வெட்டி நீர்தேக்கம் நீக்கப்பெற்ற பின்னரே கிள்ளானிலும் துறைமுகத்திலும் நோய் தணிந்தது. மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற இம்முயற்சி, கடலோரச் சதுப்பு அன்று எத்தகைய அச்சத்துக்குரிய நிலமாக இருந்தது என்பதற்குச் சான்றாகும். இன்று நாம் நடைபாதையிட்டுக் கண்டு மகிழும் நிலம் அன்று நோயின் இருப்பிடமாகவே அறியப்பட்டது.

கோல சிலாங்கூர்: கோட்டையும் குன்றும்

சிலாங்கூர் அரசின் தொடக்க வரலாறு கோல சிலாங்கூரோடு பிணைந்தது. 18ஆம் நூற்றாண்டில் இவ்வூர் சிலாங்கூர்ச் சுல்தான்களின் தலைமையிடமாக விளங்கியது. முகத்துவாரத்தை நோக்கி உயர்ந்து நிற்கும் மெலாவத்திக் குன்றில் அவர்தம் கோட்டை இருந்தது. 1784இல் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்ட்டிங்கின் பெயரால் ஆல்ட்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். ஆற்றின் வழி உள்நாட்டிலிருந்து வரும் ஈயத்தின் மீது கொண்ட ஆசையே இப்போர்களுக்கெல்லாம் அடிப்படை. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரிலும் இக்குன்று போர்முனைகளுள் ஒன்றாயிற்று.

குன்றின் மேல் இன்று காணப்பெறும் கலங்கரை விளக்கம் 1907இல் எழுந்தது. பழைய பீரங்கிகளும், சிலாங்கூரின் தொடக்ககாலச் சுல்தான்களின் அடக்கத்தலமும் அங்கு உள்ளன. வருகையாளரைப் பெரிதும் ஈர்ப்பவை வெள்ளிச் சாயல் உடைய இலையுண்ணும் குரங்குகள். தாய்க் குரங்கு சாம்பல் நிறமாக இருக்க, அதன் குட்டி செம்மஞ்சள் நிறத்தோடு பிறப்பதைக் குழந்தைகள் வியந்து காண்பர்.

வெண்மணல் தேடி இவ்வூருக்கு வருவோர் ஏமாற்றமடைவர். சிலாங்கூர்க் கடலோரத்தின் பெரும்பகுதி சேற்றுக் கரையாகும். குளிப்பதற்கு ஏற்ற கடற்கரையை நாடுவோர் தெற்கே மோரிப்புக்கோ நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சனுக்கோ செல்வர். எனினும் இச்சேறே இவ்வட்டாரத்தின் வளம். அலை பின்வாங்கும்பொழுது வெளிப்படும் சேற்றுவெளியில் நண்டும் சிப்பியும் சேற்றில் துள்ளும் மீனும் பெருகுகின்றன. வடபுலத்திலிருந்து குளிர்காலத்தில் தெற்கு நோக்கி வரும் கரையோரப் பறவைகள் இங்கு இரை தேடுகின்றன.

இவ்வாறு கோல சிலாங்கூரை அறிமுகப்படுத்தும் சுற்றுலா ஏடுகள் பெரும்பாலும் சுல்தான்கள், டச்சுக்காரர், கலங்கரை விளக்கம், குரங்குகள், மின்மினிகள் என்னும் வரிசையில் அமைகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பீரங்கிக்கும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இயற்கைப் பூங்காவுக்கும் இடைப்பட்ட காலம் அவற்றில் வெறுமையாக விடப்படுகிறது. அவ்வெற்றிடமே தோட்டக் காலம்.

ஆற்றங்கரைத் தோட்டங்கள்

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டங்கள் முதலில் காப்பியையும் தென்னையையும் பயிரிட்டன. காப்பி நலிவடைந்த பின் ரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ரப்பரின் விலை ஏற, கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்ப்பதும் பெருகியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் கைவிடப்பட்டது. கங்காணி முறையோ 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தது.

இம்மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில், பத்தாங் பெர்ஜுந்தாய் என்னும் ஊரை அடுத்து ஒரு தோட்டம் உள்ளது. அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கப்பெறுகிறது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். மலாய், ஆங்கில ஏடுகளில் பல்லாண்டுகளாக எழுதப்பெற்று வரும் இப்பெயர் தமிழ்ச்சொல் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஹென்றி பொக்கோனியே, சுமத்திராவிலிருந்து பெற்ற செம்பனை விதைகளை முதலில் தம் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அழகுக்காக வளர்த்தார். பின்னர் 1917இல் தென்னமரம் தோட்டத்தில், பயன் தராத காப்பிச் செடிகளுக்கு மாற்றாக, அவற்றை வணிக நோக்கில் பயிரிட்டார். மலேசியாவின் செம்பனைத் தொழில் தோன்றிய இடமாக வரலாற்றாசிரியர் குறிப்பது இத்தோட்டத்தையே. மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் பிரெஞ்சில் எழுதிய புதினம் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது.

தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்திலிருந்து செம்பனை நாடு முழுதும் பரவியது என்பதை வெறும் வேடிக்கையாகக் கொள்ள இயலாது. நிலத்துக்கு யார் பெயரிட்டனர் என்பது அந்நிலத்தில் யார் உழைத்தனர் என்பதற்கு ஆவணமாகும். மின்மினிகளைக் காண நாம் படகேறும் ஆறும், அத்தோட்டத்தின் நீரை வாங்கி வரும் ஆறும் ஒன்றே. இயற்கை எனவும் தோட்டம் எனவும் நாம் இன்று பிரித்துக் காணும் இரண்டும் ஒரே ஆற்று வடிநிலத்தில் அடங்கியவை.

இருவகை ஓய்வு

தோட்ட உலகில் ஓய்வு என்பது எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. வெப்பநாட்டில் வாழும் ஐரோப்பியர்க்கு இடமாற்றமும் குளிர்காற்றும் கடற்காற்றும் இன்றியமையாதவை என்னும் மருத்துவக் கருத்து அன்று வலுவாக நிலவியது. 1920களில் பிரேசர் மலை ஓய்விடமாக வளர்ந்ததற்கும், போர்ட்டிக்சன் கரையோரத்தில் அரசுத் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய ஓய்வு மாளிகைகள் எழுந்ததற்கும் இக்கருத்தே துணை நின்றது. தோட்டத்துத் துரை விடுமுறையில் மலைக்கோ கடலுக்கோ செல்வது அவர்தம் பணியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

பால்மரம் வெட்டும் தொழிலாளியின் ஓய்வு வேறு வகையானது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி, பின் பால் எடுத்து நிறுத்துக் கொடுப்பது அவர் நாள்முறை. கூலி நாட்கணக்கில் அமைந்தது. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. ஆதலால் அவருக்கு ஓய்வைத் தந்தது நாட்காட்டியை விட வானமே எனலாம். அவ்வோய்வோ கூலி இல்லாத ஓய்வு. வருமானம் குறைந்த நாளில் பயணச் செலவு செய்து கடல் காணச் செல்வது எங்ஙனம் இயலும்?

நகரத் தமிழரின் நிலை இதனின்று வேறுபட்டது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலையத் தலைவர்களும் மாதச் சம்பளமும் வரையறுத்த பணிநேரமும் உடையவர்கள். கோலாலம்பூரையும் கிள்ளானையும் துறைமுகத்தையும் இணைத்த தண்டவாளம் அவர்தம் வீட்டு வாயிலிலேயே சென்றது. ஒரே மொழி பேசிய இரு பிரிவினர்க்கிடையே கடல் ஒருவர்க்கு அருகிலும் மற்றவர்க்குத் தொலைவிலும் இருந்தமைக்குக் காரணம் மைல்களில் இல்லை. கடலோரத் தோட்டங்கள் பலவும் பிரிக்பீல்ட்ஸை விடக் கடலுக்கு மிக அண்மையில் இருந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

வாயிற்கதவும் மிதிவண்டியும்

தோட்டம் தனியார் நிலம். அதன் பாதைகள் நிர்வாகத்துக்கு உரியவை. லயங்கள் நிர்வாகம் கட்டியவை. கடை, கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை, பள்ளி, மருத்துவமனை ஆகிய அனைத்தும் வேலிக்குள்ளேயே அமைந்தன. இவ்வமைப்பு தொழிலாளர்க்குச் சில வசதிகளை அளித்தது உண்மையே. ஆனால் அதே அமைப்பு வெளியே செல்வதற்கான தேவையையும் வாய்ப்பையும் ஒருங்கே குறைத்தது. உறவினர் ஒருவர் வேறு தோட்டத்திலிருந்து பார்க்க வருவதற்கும் நிர்வாகத்தின் இசைவு வேண்டியிருந்தது.

இந்நிலைக்கு மிகத் தெளிவான சான்று 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய அவ்வியக்கம் கூலி உயர்வுக் கோரிக்கையோடு எழுந்தது. பின்னர் தோட்டவாழ்வின் பிற கூறுகளையும் அது எதிர்த்தது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவற்றோடு இரண்டு கோரிக்கைகள் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையன. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து செல்ல வேண்டும் என்பது ஒன்று. துரையின் முன்போ கிராணியின் முன்போ தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று.

மிதிவண்டிக் கோரிக்கையைச் சிலர் சிறு மதிப்புணர்வுச் சிக்கலாகக் கருதுவர். அதனை நடமாட்ட வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அதன் எடை விளங்கும். தொழிலாளி தன் கூலியில் சேமித்து வாங்கக்கூடிய முதல் ஊர்தி மிதிவண்டி. அது தோட்டத்துக்கும் அருகிலுள்ள ஊருக்கும் இடையிலான தொலைவைக் குறைத்தது. அவ்வண்டியிலிருந்து இறங்கி நிற்கச் செய்வது, பாதை யாருக்கு உரியது என்பதை நாள்தோறும் நினைவூட்டுவதாகும். தம் விருப்பப்படி ஒரு பாதையில் செல்லும் உரிமையையே அம்மக்கள் கேட்டனர்.

அக்கோரிக்கைக்குக் கிடைத்த விடை கடுமையானது. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் கிள்ளானைக் கடந்து பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். உறவினர் வருகையும் மிதிவண்டிப் பயணமும் உயிர் கொடுத்துக் கேட்கப்பட்ட உரிமைகளுள் அடங்கும் என்பதை மறத்தல் ஆகாது.

போரும் அவசரகாலமும்

அவ்வாண்டின் இறுதியிலேயே ஜப்பானியப் படையெடுப்பு நிகழ்ந்தது. தோட்டத்துக்குள் அடைபட்டிருந்த மக்களுள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நடமாட்டம் மறுக்கப்பட்டவர்கள் மீது கட்டாயப் பயணம் சுமத்தப்பட்ட காலம் அது. போர் முடிந்த பின், 1945 செப்டம்பர் 9ஆம் நாள், மோரிப் கடற்கரையிலும் போர்ட்டிக்சன் பகுதியிலும் பிரித்தானிய இந்தியப் படைப்பிரிவுகள் கரையிறங்கின. மோரிப்பின் மென்மையான கரையில் ஊர்திகள் பல புதைந்து நின்றன. இன்று குடும்பங்கள் பட்டம் விட்டு மகிழும் அக்கடற்கரையில் இந்நிகழ்வுக்கு நினைவுச்சின்னம் உண்டு.

1948இல் அறிவிக்கப்பெற்று 1960 வரையில் நீடித்த அவசரகாலம் தோட்ட வேலியை மேலும் இறுக்கியது. அடையாள அட்டை, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு ஆகியன நடைமுறைக்கு வந்தன. பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டு முள்வேலி இடப்பட்டது. கட்டுச்சோற்றுடன் ஒருநாள் பயணம் செல்லுதல் என்னும் எளிய செயலே ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்ட சூழ்நிலையில் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதற்கு இடமில்லை.

இக்காலப் பகுதியிலேயே மாற்றத்தின் வித்துகளும் ஊன்றப்பட்டன. 1954இல் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955இல் இயற்றப்பெற்ற வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்திற்கு ஒரு முழு ஓய்வுநாளை உரிமையாக்கியது. ஊதியத்துடன் கூடிய பொது விடுமுறைகளுக்கும் வழிவகுத்தது. ஓய்வு நிர்வாகத்தின் கருணையாக இருந்த நிலை மாறிச் சட்டத்தின் ஏற்பாடாயிற்று. மலேசியத் தமிழரின் சுற்றுலா வரலாற்றை எழுத முற்படுவோர் இச்சட்டத்தைத் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

திருவிழாவின் வழியாக ஊர் காணல்

தோட்ட மக்களின் முதற்பயணங்கள் கோயிலை நோக்கி அமைந்தமைக்கும் இப்பின்னணியிலேயே விளக்கம் காண வேண்டும். பத்துமலைத் தைப்பூசத்துக்கு லாரிகளில் கூட்டமாகச் சென்று வந்த அனுபவத்தைத் தோட்டப்புற முதியோர் பலரும் நினைவுகூர்வர். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் போன்ற நாட்களில் விடுமுறை கேட்பது எளிது. நிர்வாகம் மறுப்பது அரிது. சமயம் நடமாட்டத்துக்கான ஏற்புடைய காரணமாக விளங்கியது.

பத்துமலைப் பயணத்தை நேர்த்திக்கடன் என்னும் ஒன்றால் மட்டும் அளப்பது போதாது. பெண்கள் தோட்டம் கடந்து நகரத்தைக் கண்டதும், வேறு தோட்டத்து உறவினரைச் சந்தித்ததும், திருமணப் பேச்சுகள் நிகழ்ந்ததும், பிள்ளைகள் முதன்முதலாக இராட்டினம் ஏறியதும் அப்பயணத்தில்தான். வழிபாடும் சுற்றுலாவும் அதில் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன. ஈமச் சடங்கின் பின் சாம்பலைக் கரைக்கக் கடலுக்கோ ஆற்று முகத்துக்கோ செல்வதும் அத்தகையதே. துயரின் பொருட்டுச் சென்றவர்கள் கரையில் அமர்ந்து உண்டு, பிள்ளைகளை அலையில் கால் நனைக்க விட்டுத் திரும்பினர். இரங்கலும் விளையாட்டும் ஒரே நெய்தலில் அடங்கிய பழைய மரபு இங்குப் புதிய வடிவில் வெளிப்படுகிறது எனலாம். நாட்டமற்ற மக்கள் என்னும் கருத்து இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

இடப்பெயர்வும் ஞாயிறு பயணமும்

1970களுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் விரைந்து உருமாறின. ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. லயங்களை இழந்த குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. தோட்டத்தோடு கோயில், பள்ளி, இடுகாடு ஆகியவையும் இடம்பெயர்ந்தன அல்லது மறைந்தன. இவ்விழப்பின் வரலாறு தனியே விரிவாக ஆராயப்பட வேண்டியது.

நம் பொருளுக்கு ஒரு விளைவு இன்றியமையாதது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை பெற்றனர். மோட்டார் சைக்கிளும் பின்னர் காரும் வாங்கினர். ஞாயிற்றுக்கிழமை கோல சிலாங்கூருக்கும் மோரிப்புக்கும் அவர்கள் செல்லலாயினர். தம் பெற்றோர் பால்மரம் வெட்டிய மாவட்டத்துக்கே அவர்களுள் சிலர் சுற்றுலாப் பயணியராகத் திரும்பினர். 2011இல் திறக்கப்பெற்ற கோலாலம்பூர்–கோல சிலாங்கூர் விரைவுச்சாலை இப்பயணத்தை மேலும் எளிதாக்கியது. இஜோக் வரை செல்லும் அச்சாலையின் இருமருங்கிலும் செம்பனை நிற்பதைக் காணலாம். காரில் அமர்ந்த பேரக்குழந்தைக்கு அது பசுமை. உடன் வரும் பாட்டிக்கு அது வேலைக்காடு. ஒரே நிலத்தை இரு தலைமுறையினர் இருவேறு பெயரால் அழைக்கின்றனர்.

இயற்கைப் பூங்காவும் மின்மினிகளும்

1987இல் இயற்கைக் கழகத்தின் முயற்சியாலும் சிலாங்கூர் மாநில அரசின் ஒத்துழைப்பாலும் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா அமைந்தது. 1940இல் தொடங்கப்பெற்ற அக்கழகம் மலேசியாவின் பழைமையான சூழலியல் அமைப்புகளுள் ஒன்றாகும். குன்றின் அடிவாரத்திலிருந்து கடல் வரை பரவிய இப்பூங்காவில் கொக்கு, நாரை, செம்பருந்து, மீன்கொத்தி முதலிய பறவைகளைக் காணலாம். நீர்நாய்களும் அவ்வப்பொழுது தென்படும். சதுப்புநிலத்தின் மேல் அமைந்த நடைபாதை, வேர்கள் நீருக்கு மேல் எழுந்து மூச்சுவிடும் மரங்களை நெருங்கிக் காண உதவுகிறது. அறிவியல் பாடத்தில் படித்ததை மாணவர் கண்ணால் காண்பதற்கு இதனினும் சிறந்த இடம் கிள்ளான் பள்ளத்தாக்கை ஒட்டி அரிது.

கம்போங் குவாந்தானின் மின்மினிகள் உலகப் புகழ் பெற்றவை. இரவில் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் கூடும் ஆண் மின்மினிகள், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒருசேர ஒளிர்கின்றன. துடுப்புப் படகில் ஓசையின்றிச் செல்வோர்க்கு மரமே மூச்சுவிடுவது போன்ற தோற்றம் கிட்டும். நிலவொளி மிகுந்த நாளிலும் மழை இரவிலும் அக்காட்சி மங்கிவிடும். விளக்கொளியும் படக்கருவியின் மின்னலும் பூச்சிகளின் இணைசேர்க்கைக்கு இடையூறாவதால் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

இப்பூச்சியின் வாழ்வு மரத்தோடு முடிவதில்லை. அதன் புழுப்பருவம் ஆற்றங்கரையின் ஈரநிலத்தில் நத்தைகளை உண்டு கழிகிறது. கரையிலுள்ள நிப்பாவும் சாகோவும் அழிக்கப்பட்டு, தோட்டம் நீர்விளிம்பு வரை நீளும்பொழுது புழுக்களின் வாழிடம் சுருங்குகிறது. ஆற்றின் மேற்பகுதியில் 2000களின் தொடக்கத்தில் கட்டப்பெற்ற அணையினால் நன்னீர், உவர்நீர்க் கலப்பு மாறுபடுமோ என்னும் கவலையும் சூழலியலாளரிடையே எழுந்தது. மாநில அரசு ஆற்றங்கரையின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்துள்ளது.

1917இல் இதே வடிநிலத்தில் தொடங்கிய செம்பனை, இன்று அதன் மின்மினிக்கு நெருக்கடியாகியுள்ளது. இச்சிக்கலில் தோட்டத் தொழிலாளரைக் குற்றவாளியாக்குவது பொருந்தாது. எந்நிலத்தில் எதனைப் பயிரிடுவது என்பதை அவர்கள் முடிவு செய்ததில்லை. ஆனால் ஆற்றின் பழைய தன்மை, கரையில் நின்ற மரங்கள், வெள்ளம் ஏறிய அளவு ஆகியவற்றைப் பற்றிய அறிவு அவர்களிடம் உண்டு. சூழல் வரலாறு எழுதப்படும்பொழுது அவ்வறிவும் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும்.

களப்பயணமும் தமிழாசிரியரும்

தமிழ்ப்பள்ளி மாணவரைக் கோல சிலாங்கூருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மேற்கூறியவற்றைப் பயன்கொள்ள இயலும். பயணத்துக்கு முன்னர், மாவட்ட வரைபடத்தில் தோட்டப் பெயர்களைக் குறித்து, அவற்றுள் தமிழ்ப் பெயர் உடையவற்றைக் கண்டறியச் செய்யலாம். தென்னமரம் நல்ல தொடக்கமாக அமையும். அடுத்து, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் சில வினாக்களை எழுப்பலாம். முதன்முதலில் கடலைக் கண்டது எப்பொழுது? எந்த ஊர்தியில்? யாரிடம் விடுப்புக் கேட்டு? உடன் சென்றோர் யாவர்? கட்டிச் சென்ற உணவு யாது? இவ்வினாக்களுக்கான விடைகள் ஆவணக் காப்பகங்களில் கிடைப்பன அல்ல.

மெலாவத்திக் குன்றின் மேல் நின்று கடலை மட்டும் காட்டாது, திரும்பி நின்று உள்நாட்டையும் காட்டுதல் வேண்டும். ஒருபுறம் டச்சுப் பீரங்கி நோக்கிய நீரிணை. மறுபுறம் மாணவரின் பாட்டனார் நடந்த நிலம். இரண்டையும் ஒரே பாடத்தில் இணைத்தால், சுல்தான்கள் வரலாறும் தொழிலாளர் வரலாறும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கும். பிற இன மாணவரோடு இப்பாடத்தைப் பகிர்ந்து கொள்வதும் நன்று. சிலாங்கூரின் வரலாறு அனைவர்க்கும் பொதுவானது.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் கடற்கரைக்குச் செல்லத் தாமதித்தது பண்பாட்டுக் குறையினால் அன்று என்பதை இதுகாறும் கண்டோம். கடலாடும் மரபுடைய மக்களைத் தனியார் நிலத்தின் எல்லை, நாட்கூலி, போர், அவசரகாலச் சட்டங்கள் ஆகியன வேலிக்குள் நிறுத்தின. திருவிழாவையும் சடங்கையும் வழியாகக் கொண்டு அவர்கள் அவ்வேலியைக் கடந்தனர். 1941இன் கோரிக்கைகளும் 1955இன் சட்டமும் பின்வந்தோர்க்குப் பாதை திறந்தன.

சுற்றுலாவைப் பொருளியல் துறையாகவும் பொழுதுபோக்காகவும் மட்டுமே நோக்கும் ஆய்வுகளுக்கு இது விடுபட்ட பக்கம். தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது. அவர்தம் முதற்கடல் அனுபவங்களைப் பதிவு செய்யும் பணி ஒத்திவைக்கத்தக்கதன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்க் குடும்பம் யாரிடமும் இசைவு கேளாமல் கோல சிலாங்கூருக்குப் புறப்படுகிறது என்றால், அவ்வியல்பான செயலுக்குப் பின்னால் ஒரு போராட்டம் உண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்துவது தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும்.